வீட்டு நெட்வொர்க்கில் வெப் சர்வர் திறக்கவில்லையா? அறிகுறியிலிருந்து காரணத்தைப் பிடிப்பது

ஒரு கணினியில் வெப் சர்வரை ஓட விட்டிருக்கிறீர்கள். அதே கணினியின் பிரவுசரில் பக்கம் ஒழுங்காகத் திறக்கிறது. கைபேசியிலோ பக்கத்து அறை மடிக்கணினியிலோ முகவரியைத் தட்டினால் வரவில்லை. உடனே ஃபயர்வாலை அணைத்து, ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்து, போர்ட் ஃபார்வர்டிங்கும் போட்டுப் பார்க்கத் தோன்றும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தற்செயலாகச் சரியானாலும் எது சரிசெய்தது என்று தெரியாது, திறந்து விட்டவை எல்லாம் திறந்தபடியே கிடக்கும். அதோடு, வீட்டுக்குள்ளேயே ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குப் போக போர்ட் ஃபார்வர்டிங் தேவையே இல்லை. அது இணையத்திலிருந்து உள்ளே வரும் இணைப்புகளுக்கானது.

பிழைச் செய்தியைப் படியுங்கள். இணைப்பு மறுக்கப்பட்டது என்பதும், பதில் வர நேரமாகிறது என்பதும், முகவரியை எட்ட முடியவில்லை என்பதும் மூன்று வெவ்வேறு நோய்கள். எது வந்தது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

தொடங்கும் முன்: சரியான முகவரிதானா?

சர்வர் கணினிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஐபி முகவரிகள் இருக்கும். 127.0.0.1 என்பது அந்தக் கணினி தன்னைத்தானே கூப்பிட்டுக்கொள்வதற்கு மட்டும். லோக்கல்ஹோஸ்ட் என்பது அதன் பெயர். கைபேசியில் லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்தால் கைபேசி தனக்குள்ளேயே சர்வரைத் தேடும். நமக்கு வேண்டியது ரவுட்டர் கொடுத்த முகவரி. அது 192.168 என்று தொடங்கும், இல்லையென்றால் 10 என்று தொடங்கும், அல்லது 172.16 முதல் 172.31 வரைக்குள் இருக்கும். விண்டோஸில் ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளை, லினக்ஸில் ஐபி ஏ (ip a), மேக்கில் செட்டிங்ஸில் வைஃபை விவரம்: இவற்றில் பார்க்கலாம்.

இங்கேயே பலர் வழி தவறிவிடுகிறார்கள். விர்ச்சுவல்பாக்ஸ், டாக்கர், டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸ்) போன்று கணினிக்குள் தனிச் சூழல்களை ஓட்டும் மென்பொருள்கள் இருந்தால் பட்டியலில் நாலைந்து முகவரிகள் வரும். 192.168.56.1 பார்ப்பதற்கு வீட்டு முகவரி போலவே இருக்கும், ஆனால் அது விர்ச்சுவல்பாக்ஸ் தனக்காக வைத்துக்கொண்டது. 172.17.0.1 டாக்கருடையது. இவற்றைக் கைபேசியில் எத்தனை முறை அடித்தாலும் பயனில்லை. ஐபிகான்ஃபிக் பட்டியலில் டீஃபால்ட் கேட்வே என்ற வரியில் முகவரி நிரம்பியிருக்கும் அடாப்டர்தான் பெரும்பாலும் நாம் தேடுவது. 169.254 என்று தொடங்கும் முகவரி மட்டுமே இருந்தால், கணினிக்கு ரவுட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை. சர்வரை விடுங்கள், முதலில் கேபிளையோ வைஃபையையோ கவனியுங்கள்.

கீழே எல்லா இடத்திலும் சர்வரின் முகவரி 192.168.1.20, போர்ட் (ஒரு கணினியில் எந்த நிரலுக்கான இணைப்பு என்று சொல்லும் எண்) 8080 என்று வைத்துக்கொள்கிறேன்.

அறிகுறி: லோக்கல்ஹோஸ்டில் திறக்கிறது, அதே கணினியில் 192.168.1.20:8080 திறக்கவில்லை

எல்லாவற்றுக்கும் முன்னால் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். சர்வர் ஓடும் கணினியிலேயே உட்கார்ந்து, லோக்கல்ஹோஸ்டுக்குப் பதிலாக அதன் வீட்டு முகவரியைப் பிரவுசரில் தட்டுங்கள். இந்தப் போக்குவரத்து கணினியை விட்டு வெளியே போவதில்லை. ஆகவே ரவுட்டருக்கும் வைஃபைக்கும் இதில் பங்கில்லை, ஃபயர்வாலும் சாதாரணமாகக் குறுக்கே வராது. இங்கேயே திறக்கவில்லை என்றால் சர்வர் லூப்பேக் முகவரியில் (தன்னைத்தானே கூப்பிடும் 127.0.0.1 போன்றது) மட்டும் காது கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று அனேகமாக உறுதியாகச் சொல்லலாம்.

இது கோளாறு அல்ல. பல டெவலப்மென்ட் சர்வர்கள் வேண்டுமென்றே அப்படித்தான் தொடங்குகின்றன. ஃபிளாஸ்க் 127.0.0.1இல் 5000ஆம் போர்ட்டிலும், ஜாங்கோவின் ரன்சர்வர் 127.0.0.1இல் 8000ஆம் போர்ட்டிலும், வீட் (Vite) லோக்கல்ஹோஸ்டில் 5173ஆம் போர்ட்டிலும் நிற்கும். பாதி எழுதிய நிரலை ஊருக்கே திறந்து வைக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம். பைத்தானோடு வரும் எளிய எச்டிடிபி சர்வர் மட்டும் இதற்கு நேர்மாறாக, ஆரம்பத்திலேயே எல்லா முகவரிகளிலும் நிற்கும்.

உறுதிப்படுத்த, யார் எந்தப் போர்ட்டில் நிற்கிறார்கள் என்று பாருங்கள். விண்டோஸில் நெட்ஸ்டாட் -ஏஎன்ஓ (netstat -ano), மேக்கில் நெட்ஸ்டாட் -ஏஎன் (netstat -an), லினக்ஸில் எஸ்எஸ் -டிஎல்என்பி (ss -tlnp). 8080க்கு எதிரே 127.0.0.1 இருந்தால் வெளியாட்களுக்கு வழியில்லை. 0.0.0.0 அல்லது நட்சத்திரக் குறி இருந்தால் எல்லா முகவரிகளிலும் நிற்கிறது. ::1 என்று மட்டும் இருந்தால் அது ஐபிவி6 லூப்பேக். அப்போது லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயரில் திறக்கும், 127.0.0.1 என்று எண்ணாக அடித்தால் அதே கணினியிலும் திறக்காது. இந்த விசித்திரத்தைப் பார்த்தால் குழம்ப வேண்டாம், காரணம் இதுதான்.

தீர்வு, சர்வரைத் தொடங்கும்போது ஹோஸ்ட் 0.0.0.0 என்று கொடுப்பது. ஜாங்கோவில் ரன்சர்வருக்குப் பின்னால் 0.0.0.0:8000 என்று சேர்க்க வேண்டும். ஃபிளாஸ்க், வீட் (Vite) இரண்டிலும் ஹோஸ்ட் என்ற விருப்பம் இருக்கிறது. இன்னும் கச்சிதமாக வேண்டுமென்றால் 0.0.0.0க்குப் பதில் 192.168.1.20 என்றே கொடுக்கலாம், ஆனால் முகவரி மாறும் நாளில் சர்வர் எழும்பாது.

டாக்கரில் இரண்டு அடுக்கு. கன்டெய்னருக்குள் (டாக்கர் உருவாக்கும் தனிச் சூழல்) இருக்கும் நிரல் 0.0.0.0இல் நிற்க வேண்டும். வெளியே போர்ட்டைக் கொடுக்கும்போது அதன் முன்னால் 127.0.0.1 என்று எழுதியிருக்கக் கூடாது. முதலாவது தவறியிருந்தால், மறுப்புக்குப் பதிலாக வெற்றுப் பதில் என்றோ இணைப்பு அறுந்தது என்றோ பிரவுசர் சொல்லும். டபிள்யூஎஸ்எல் 2க்குள் ஓடும் சர்வரும் இப்படி ஏமாற்றும். விண்டோஸின் லோக்கல்ஹோஸ்டில் அது திறந்துவிடும், ஏனென்றால் விண்டோஸ் அந்த ஒரு வழியை மட்டும் தானாகவே கடத்திவிடுகிறது. மற்ற கருவிகளுக்கு அந்தச் சலுகை இல்லை. விண்டோஸ் 11இன் 22எச்2 பதிப்பிலிருந்து டபிள்யூஎஸ்எல்லுக்கு மிரர்ட் என்ற நெட்வொர்க் முறை உண்டு. அதை இயக்கலாம், அல்லது நெட்ஷெல் (netsh) கட்டளையில், போர்ட்டைக் கடத்திவிடும் போர்ட்பிராக்ஸி வரி ஒன்று சேர்க்கலாம்.

அறிகுறி: மற்ற கருவியில் "இணைப்பு மறுக்கப்பட்டது" என்று உடனே வருகிறது

இது நல்ல செய்தி என்றே சொல்வேன். மறுப்பு வந்ததென்றால் பாக்கெட் (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டு) எதிர்க்கணினி வரை போய்ச் சேர்ந்து, பதிலும் திரும்பியிருக்கிறது. வைஃபை, ரவுட்டர் எல்லாம் சரி. அந்தக் கணினியில் அந்த முகவரியிலும் போர்ட்டிலும் யாரும் நிற்கவில்லை என்பதுதான் செய்தி. சர்வர் நின்றுபோயிருக்கலாம், வேறு போர்ட்டில் எழும்பியிருக்கலாம், அல்லது மேலே சொன்ன லூப்பேக் பிரச்சினை. 5173 ஏற்கெனவே பிடிபட்டிருந்தால் வீட் தானாகவே 5174க்குப் போய்விடும், ஆகவே டெர்மினலில் அது அச்சிட்ட எண்ணைப் பாருங்கள். வேறு கருவி ஒன்று 192.168.1.20ஐ வாங்கிக்கொண்டிருந்தாலும் இதே மறுப்பு வரலாம்.

அறிகுறி: வெகுநேரம் சுற்றிவிட்டு "பதில் வர நேரமாகிறது" என்று நிற்கிறது

யாரோ பாக்கெட்டை வாங்கி, பதில் சொல்லாமல் கீழே போடுகிறார்கள். பெரும்பாலும் அது சர்வர் கணினியின் ஃபயர்வால்.

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. விண்டோஸ் ஃபயர்வால் இயங்கும்போது, யாரும் நிற்காத போர்ட்டுக்கு வரும் வெளி இணைப்புகளுக்கு அது மறுப்புகூட அனுப்புவதில்லை, மௌனமாகவே விட்டுவிடும். அதனால் சர்வர் ஓடாவிட்டாலும், லூப்பேக்கில் மட்டும் நின்றாலும், வெளியிலிருந்து பார்க்கும்போது ஃபயர்வால் தடுப்பது போலவே தெரியும். முதல் சோதனையை முதலில் செய்யச் சொன்னதற்கு இதுவும் காரணம். அதைத் தாண்டியிருந்தால் மட்டும் ஃபயர்வாலில் கை வையுங்கள்.

விண்டோஸில் நெட்வொர்க் எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். வீட்டு வைஃபை பப்ளிக் என்று குறிக்கப்பட்டிருந்தால், பிரைவேட்டுக்கு மட்டும் கொடுத்த அனுமதிகள் செல்லாது. அதை பிரைவேட் என்று மாற்றினாலே பல வீடுகளில் சர்வர் திறந்துவிடும். அப்புறமும் திறக்கவில்லையா? முதன்முதலில் பைத்தானையோ நோடையோ ஓட்டியபோது அனுமதிக்கலாமா என்று ஒரு பெட்டி வந்திருக்கும். அதில் கேன்சல் அழுத்தியிருந்தால், விண்டோஸ் அந்த நிரலுக்கு ஒரு தடை விதியை எழுதி வைத்துவிடும். பிறகு நீங்கள் 8080க்கு அனுமதி விதி எத்தனை சேர்த்தாலும் தடை விதிதான் வெல்லும். மேம்பட்ட ஃபயர்வால் ஜன்னலில், உள்வரும் விதிகளின் பட்டியலில், அந்த நிரலின் பெயருக்கு எதிரே தடைக் குறி இருக்கிறதா என்று தேடி நீக்குங்கள். பல மணி நேரத்தை விழுங்கும் சிக்கல்களில் இதுவும் ஒன்று, பட்டியலைத் திறந்து பார்த்தால் நிமிடங்களில் முடிந்துவிடும்.

உபுன்டுவில் யுஎஃப்டபிள்யூ (ufw) என்ற ஃபயர்வால் இயங்கினால் 8080/டிசிபி என்று ஒரு அனுமதி போதும். ஃபெடோராவில் ஃபயர்வால்டி என்ற ஃபயர்வால் தடுக்கும்போது அது மௌனமாக இருக்காமல் மறுப்புச் செய்தி அனுப்புகிறது. அதனால் லினக்ஸிலிருந்து கர்ல் கட்டளை கொடுத்தால் "அந்த ஹோஸ்டுக்கு வழியில்லை" என்று வரும். படிப்பவர் ரவுட்டரைச் சந்தேகிப்பார். குற்றவாளி சர்வர் கணினியின் ஃபயர்வால்தான்.

ஃபயர்வால் சரி என்றால் வைஃபையைப் பாருங்கள். கைபேசி கெஸ்ட் நெட்வொர்க்கில் இருந்தால், இணையம் வரும், வீட்டுக் கணினிகள் தெரியாது. அந்த நெட்வொர்க்கின் நோக்கமே அது. சில ரவுட்டர்களில் ஏபி ஐசொலேஷன் அல்லது கிளையன்ட் ஐசொலேஷன் என்ற விருப்பம் இருக்கும். இயங்கிக்கொண்டிருந்தால் ஒரே வைஃபையில் இருக்கும் இரு கருவிகள்கூட ஒன்றையொன்று பார்க்க முடியாது.

வீட்டில் இரண்டு ரவுட்டர்கள் இருந்தால் இன்னொரு வாய்ப்பும் உண்டு. இணைய நிறுவனம் கொடுத்த பெட்டிக்குப் பின்னால் உங்கள் ரவுட்டரை மாட்டியிருந்தால், இரண்டும் தனித்தனி நெட்வொர்க் நடத்துகின்றன. ஒன்று 192.168.1 என்றும் இன்னொன்று 192.168.0 என்றும் முகவரி கொடுக்கும். கைபேசியின் முகவரியில் முதல் மூன்று எண்கள் சர்வருடையதோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தால் தெரிந்துவிடும். உள் ரவுட்டரில் இருப்பவர் வெளிப் பெட்டியில் இருப்பவரை எட்டலாம், மறுதிசையில் முடியாது. ஒரு திசையில் மட்டும் வேலை செய்கிறதென்றால் இந்த அமைப்பைத்தான் முதலில் நினையுங்கள். இரண்டாவது ரவுட்டரை, தனி நெட்வொர்க் நடத்தாத அக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றுவது நிரந்தரத் தீர்வு.

கைபேசியிலோ மடிக்கணினியிலோ விபிஎன் இயங்கினால் அணைத்துப் பாருங்கள். சில விபிஎன்கள் உள்ளூர் முகவரிக்கான போக்குவரத்தையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

பிங் (ஒரு கருவி பதில் தருகிறதா என்று கேட்கும் கட்டளை) அடித்துப் பார்ப்பதில் ஒரு எச்சரிக்கை. பதில் வந்தால் வழி இருக்கிறது என்று அர்த்தம். வராவிட்டால் எதுவும் நிரூபணம் ஆகாது. பிங்குக்குப் பதில் சொல்லாதபடி பல விண்டோஸ் கணினிகள் அமைந்திருக்கும், அதே நேரம் வெப் சர்வர் ஒழுங்காகத் திறக்கும். விண்டோஸின் பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கட்டளைக்கு (Test-NetConnection) போர்ட் எண்ணையும் கொடுத்தால் நமக்கு வேண்டிய கேள்விக்கே பதில் வரும்.

இவ்வளவுக்குப் பிறகும் பிடிபடாவிட்டால், சர்வரில் வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் அல்லது வயர்ஷார்க் ஓட்டி 8080ஐ மட்டும் கவனியுங்கள். கைபேசியில் முகவரியைத் தட்டும்போது திரையில் ஒரு வரியும் வராவிட்டால் பாக்கெட் சர்வரை அடையவே இல்லை: வைஃபை, ரவுட்டர், விபிஎன் பக்கம் போங்கள். இணைப்பைத் தொடங்கும் சின் (SYN) பாக்கெட் வந்துகொண்டே இருந்து பதில் போகாவிட்டால் சிக்கல் சர்வர் கணினிக்குள்தான். ஊகம் எல்லாம் இந்த இடத்தில் முடிந்துவிடும்.

அறிகுறி: "முகவரியை எட்ட முடியவில்லை"

அந்த முகவரியில் கருவியே கிடைக்கவில்லை. சர்வர் கணினி தூங்கிப்போயிருக்கலாம், முகவரி மாறியிருக்கலாம். ஏஆர்பி -ஏ (arp -a) கட்டளையின் பட்டியலில் 192.168.1.20க்கு எதிரே மேக் முகவரி (MAC, நெட்வொர்க் கார்டின் அடையாள எண்; ஆப்பிள் மேக் அல்ல) இல்லையென்றால் அங்கே பதில் சொல்ல ஆளில்லை.

ஆப்பிள் கருவிகளில் இன்னொரு காரணம் உண்டு. ஐஓஎஸ் 14 முதலும், மேக்ஓஎஸ் 15 முதலும், உள்ளூர் நெட்வொர்க்கைத் தொட ஒவ்வொரு ஆப்பும் தனி அனுமதி வாங்க வேண்டும். மேக்கில் சஃபாரியில் திறக்கிறது, குரோமில் எட்ட முடியவில்லை என்றால், செட்டிங்ஸில் தனியுரிமைப் பகுதிக்குப் போய் லோக்கல் நெட்வொர்க் பட்டியலில் குரோமுக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: எண் முகவரியில் திறக்கிறது, பெயரில் திறக்கவில்லை

இது பெயரைத் தேடுவதில் உள்ள சிக்கல், சர்வரில் கை வைக்க வேண்டாம். டாட் லோக்கல் என்று முடியும் பெயர்கள் எம்டிஎன்எஸ் முறையில், யுடிபி 5353ஆம் போர்ட்டில், நெட்வொர்க் முழுக்கக் கேட்டுத் தெரிந்துகொள்ளப்படுகின்றன. லினக்ஸில் அதற்கு அவாஹி போன்ற ஒரு சேவை ஓட வேண்டும். பழைய ஆண்ட்ராய்டு கைபேசிகள் இந்தப் பெயர்களைப் புரிந்துகொள்வதில்லை. ஒரு கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் (பெயருக்கு முகவரி சொல்லும் பட்டியல்) எழுதிய பெயர் அந்தக் கணினிக்கு மட்டும்தான் தெரியும், கைபேசிக்கு அல்ல. வெளியில் வாங்கிய டொமைன் பெயரை வீட்டு முகவரிக்குச் சுட்டியிருந்தால், சில ரவுட்டர்கள் டிஎன்எஸ் ரீபைண்டிங் பாதுகாப்பு (வெளிப் பெயர் உள் முகவரியைச் சுட்டினால் தடுப்பது) என்று அந்தப் பதிலையே விழுங்கிவிடும்.

அறிகுறி: பக்கம் திறக்கிறது, ஆனால் சரியாக இல்லை

நெட்வொர்க் வேலை முடிந்தது. இனி எல்லாம் நிரலின் பக்கம்.

எழுத்து மட்டும் வந்து அலங்காரமும் படங்களும் வராவிட்டால், பக்கத்துக்குள் எங்கோ முகவரிகள் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதப்பட்டிருக்கின்றன. கைபேசி அவற்றைத் தன்னிடமே தேடுகிறது. ஜாவாஸ்கிரிப்ட் நிரல் தரவு கேட்கும் முகவரியும் இப்படித்தான் மாட்டும்: பக்கம் வரும், பட்டியல் காலியாக இருக்கும். வேர்ட்பிரஸ் இன்னும் ஒரு படி மேலே போய், உங்களை லோக்கல்ஹோஸ்டுக்கே திருப்பி அனுப்பிவிடும், ஏனென்றால் தளத்தின் முகவரியைத் தரவுத்தளத்தில் சைட்யுஆர்எல், ஹோம் என்ற இரு இடங்களில் அப்படியே சேமித்து வைத்திருக்கிறது. இரண்டையும் மாற்ற வேண்டும்.

400 என்ற பிழை எண் வந்தால், ஜாங்கோவில் அலவ்ட் ஹோஸ்ட்ஸ் பட்டியலில் 192.168.1.20 இல்லை. ஹோஸ்ட் ஹெட்டர் செல்லாது என்று வேறு டெவலப்மென்ட் சர்வர்கள் சொல்வதும் இதே காவல்தான். அப்பாச்சியில் 403 என்றால் ரிக்வயர் லோக்கல் என்ற வரியைத் தேடுங்கள். மேக்கில் 5000ஆம் போர்ட்டில் காரணமில்லாமல் 403 வந்தால், அங்கே பதில் சொல்வது உங்கள் சர்வரே அல்ல. மேக்ஓஎஸ் மான்டரே முதல் ஏர்பிளே ரிசீவர் அந்தப் போர்ட்டைப் பிடித்துக்கொள்கிறது. வேறு போர்ட்டுக்குப் போய்விடுங்கள்.

கணினியில் கேமரா, மைக், இருப்பிடம் எல்லாம் வேலை செய்து கைபேசியில் செய்யவில்லையா? இந்த வசதிகளைப் பாதுகாப்பான இணைப்பில் மட்டுமே பிரவுசர்கள் தருகின்றன. லோக்கல்ஹோஸ்டுக்கு அதில் விதிவிலக்கு உண்டு, 192.168.1.20க்கு இல்லை. சான்றிதழ் வைத்து எச்டிடிபிஎஸ் அமைப்பதைத் தவிர நல்ல வழியில்லை.

எதிர்த்திசையிலும் ஒன்று உண்டு. சர்வர் சாதாரண எச்டிடிபியில் மட்டும் இருக்க, பிரவுசர் தானாக எச்டிடிபிஎஸ் போட்டு எஸ்எஸ்எல் பிழை காட்டும். முன்னால் எச்டிடிபி (http://) என்பதை முழுதாக அடியுங்கள். டாட் டெவ் என்று முடியும் பெயரை வீட்டுக்குள் வைத்துக்கொண்டால் அதுவும் உதவாது. அந்தப் பெயர்கள் அனைத்தையும் எச்டிடிபிஎஸ்ஸில் மட்டும் திறக்க வேண்டும் என்று பிரவுசர்களுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 6000, 6667, 10080 போன்ற சில போர்ட்டுகளைப் பிரவுசர் பாதுகாப்பற்றவை என்று தொடவே மறுக்கும், அந்த எண்களைத் தவிருங்கள்.

அறிகுறி: நேற்று திறந்தது, இன்று இல்லை

பெரும்பாலும் முகவரி மாறியிருக்கும். ரவுட்டரில் டிஎச்சிபி (கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் முறை) ரிசர்வேஷன் பக்கத்தில் சர்வரின் மேக் முகவரிக்கு 192.168.1.20ஐ நிரந்தரமாக ஒதுக்குங்கள். கணினியில் ரேண்டம் மேக் முகவரி இயக்கப்பட்டிருந்தால் இந்த நெட்வொர்க்குக்கு மட்டும் அதை அணைக்க வேண்டும், இல்லையென்றால் ஒதுக்கீடு பிடிக்காது.

அறிகுறி: வீட்டுக்குள் திறக்கிறது, வெளியிலிருந்து இல்லை

போர்ட் ஃபார்வர்டிங் பேச்சு இங்கேதான் வருகிறது. அமைத்த பிறகு வீட்டு வைஃபையிலிருந்தே பொது முகவரியைத் தட்டிச் சோதிக்காதீர்கள். உள்ளிருந்து வெளியே போய்த் திரும்பும் ஹேர்பின் இணைப்பைப் பல ரவுட்டர்கள் ஆதரிப்பதில்லை. சில, சர்வருக்குப் பதிலாக ரவுட்டரின் சொந்த அட்மின் பக்கத்தைக் காட்டும். கைபேசியின் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் சோதியுங்கள்.

அதிலும் வராவிட்டால், ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வான் (WAN) முகவரியை, அதாவது இணையப் பக்கத்து முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் நீங்கள் சிஜிநாட் (CGNAT) என்ற பகிர்வு அமைப்புக்குப் பின்னால் இருக்கிறீர்கள். பொது முகவரி ஒன்றைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன, ஆகவே உங்கள் ரவுட்டரில் எந்த ஃபார்வர்டிங் போட்டாலும் பலிக்காது. அங்கே 10 அல்லது 192.168 என்று தொடங்கினால் முன்னால் இன்னொரு ரவுட்டர் இருக்கிறது. சிஜிநாட் என்றால் இணைய நிறுவனத்திடம் பொது முகவரி கேட்கலாம், ஐபிவி6 இருந்தால் ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலில் அந்த ஒரு போர்ட்டைத் திறக்கலாம், அல்லது வயர்கார்ட் போன்ற விபிஎன் ஒன்றை வெளியில் உள்ள சர்வரோடு இணைக்கலாம்.

எந்த வழியில் போனாலும் டெவலப்மென்ட் சர்வரை அப்படியே இணையத்துக்குத் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஃபிளாஸ்கின் டீபக் முறையில் பிழைப் பக்கத்திலேயே பைத்தான் கட்டளைகளை ஓட்ட முடியும். அதன் முன் நிற்கும் காவல் ஒரு பின் (PIN) எண் மட்டுமே. டீபக்கை அணைத்து, முன்னால் என்ஜின்எக்ஸ் (Nginx) அல்லது கேடி (Caddy) போன்ற முழு வெப் சர்வர் ஒன்றை வைத்து, அதற்குரிய போர்ட்டை மட்டும் ரவுட்டரில் திறந்து விடுங்கள்.